பறக்காத விமானங்களின் வருடம்

மார்ச் 9

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச். அம்மா எழுந்தால் கணக்கு போடுகிறேன் என்று சொல்லிவிடலாம்.

இன்று விமானப் போக்குவரத்துத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தனியார் விமானங்கள் சென்ற ஆண்டு எவ்வளவு பறந்தன, எங்கே இறங்கின, பனியிலா வெயிலிலா என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். எந்த ஓடுபாதைக்கு என்ன பாதுகாப்பு தேவை என்று திட்டமிட மட்டும்தானாம். யார் விவரமும் வெளியே போகாதாம். அப்பா படித்துவிட்டு நான்காக மடித்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஷெட்டுக்குப் போய்விட்டார். சாப்பாட்டை நான் எடுத்துப் போனேன்.

விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் அதே கடிதம்.

"யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம்," என்றார் அப்பா.

"குடுக்க மாட்டாங்க. கேட்டா மட்டும் குடுப்பாங்க," என்றார் பல் டாக்டர். சிரித்தார்கள். ஆனால் யாரும் நிம்மதியாகச் சிரிக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் இரண்டு விமானங்களும் ஷெட்டில் சும்மா நிற்பதாகச் சொல்லித்தான் காப்பீடு எடுத்திருக்கிறது. அப்படிச் சொன்னால் கட்டணம் குறைவு. ஆனால் விடிந்தால் அப்பாவும் சித்தப்பாவும் வயல்களுக்கு மருந்து தெளிக்கப் பறக்கிறார்கள். பல் டாக்டரும் அதே மாதிரி எடுத்தவர்தான், அவர் பறப்பது ஆசைக்கு.

"அப்ப நாம யாருமே பறக்கல. அவ்ளோதானே அண்ணே?" என்று முடித்துவைத்தது சித்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன ராடார், உனக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

இஞ்சின் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். இல்லை என்று தலையாட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மார்ச் 27

எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளி விட்டு வந்ததும் போன் அடித்தது. அந்தக் கடிதம் அனுப்பிய கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அக்கா. ரொம்ப நல்ல குரல். அப்பா இல்லை என்றேன்.

"பரவால்லம்மா. ஒரு மணி நேரம் கூட பறக்கலன்னு எழுதியிருக்காரு. சரிதானான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். விமானம் ஷெட்லதான் நிக்குதா?"

"ஆமா."

அந்த நேரம் பார்த்து அப்பா விமானத்தை வீட்டுக்கு மேலேயே திருப்பினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்னம்மா அது சத்தம்?"

"மிக்ஸி."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் சொல்லச் சொல்லவில்லையே. வாய் தானாகச் சொன்னது. அக்கா சிரித்துவிட்டு நன்றி சொன்னார். நன்றி வேறு!

மார்ச் 28

அம்மாவிடம் சொல்லலாமா? வேண்டாம். சொன்னால் அப்பாவிடம் போகும்.

செப்டம்பர் 4

கரகர மாமாவை மாற்றுகிறார்கள்.

அவர் ஓடுபாதை ஓரத்து ரேடியோ அறையில் இருக்கிறவர். பேசினால் தொண்டையில் மணல் இருப்பது போல இருக்கும். காற்று எந்தப் பக்கம், பாதையில் மாடு நிற்கிறதா, முதலில் யார் இறங்க வேண்டும் — எல்லாம் அவர்தான் சொல்வார். சித்தப்பாவின் ரேடியோ பாதி நாள் வேலை செய்யாது. அதனால் சித்தப்பாவுக்கு மட்டும் மாமா விளக்கு காட்டுவார். பச்சை என்றால் இறங்கு, சிவப்பு என்றால் இன்னொரு சுற்று.

கணக்கெடுப்பின்படி இந்த ஓடுபாதையில் விமானங்கள் பறப்பதே இல்லையாம். பறக்காத இடத்துக்கு ரேடியோ அறை எதற்கு? மாத முடிவில் மூடுகிறார்கள்.

"நெசமாவே ஒருத்தர் கூடவா பறந்தேன்னு எழுதல?" என்று மாமா ஷெட் வாசலில் நின்று கேட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பல் டாக்டர் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 30

மாமா கெட்டிலையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விளக்கு அரசாங்கச் சொத்து, உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அக்டோபர் 2

சமையலறை அலமாரியில் இருக்கும் பழைய ரேடியோப் பெட்டியில் இனி மாமா குரல் வராது. அப்பா இறங்கிவிட்டார் என்பது அதில் கேட்டுத்தான் அம்மாவுக்குத் தெரியும். கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இன்று வெறும் இரைச்சல்தான். அம்மா கல்லை வைக்கவே இல்லை, அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் வரை.

அக்டோபர் 19

"ரேடியோ ரூம் இல்லன்னா என்ன? கண்ணு இருக்கு, காது இருக்கு. பெரியவங்க பாத்துக்குறோம்," என்றார் அப்பா. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும்.

டிசம்பர் 11

எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் தூங்கவும் முடியாது.

காலையில் பனி. மெல்லிய பனிதான், சூரியன் வெள்ளைத் தட்டு மாதிரி தெரிந்தது. எனக்கு இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இரண்டும் கீழே இறங்குகிற சத்தம். நான் கொல்லைப்புறம் ஓடி, யாருக்குக் கேட்கும் என்று தெரியாமலே கத்தினேன். சித்தப்பா! சித்தப்பா!

ஓடுபாதையில் நேருக்கு நேர். கடைசி நொடியில் சித்தப்பா ஒதுங்கியிருக்கிறார். ஆனாலும் இறக்கைகள் உரசிவிட்டன. அப்பாவின் விமானம் அப்படியே சுற்றி நின்றுவிட்டது. சித்தப்பாவுடையது வாய்க்காலில் தலைகீழாக.

உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

டிசம்பர் 19

சித்தப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. நடக்க எவ்வளவு நாளாகும் என்று யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலின் கால்பக்கமே நின்றார், தலைப்பக்கம் போகவில்லை.

சித்தப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணே, எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. நாமதான் பறக்கவே இல்லையே. அப்புறம் எப்படி மோதிக்கிட்டோம்?"

சிரிக்கப் பார்த்தார். வலித்தது போல, பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜனவரி 5

நாளை விபத்து விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருகிறார். "அன்னிக்கு ஒரு நாள்தான் எடுத்தோம். இஞ்சின் பாக்க. யார் கேட்டாலும் இதான்," என்று அப்பா அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார்.

மறுபடியுமா?

ஜனவரி 6

அதிகாரி வயதானவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தார். அப்பா சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

"அப்ப வருஷம் பூரா ரெண்டும் சும்மாதான் நின்னுச்சு?"

"ஆமாங்க."

நான் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். டீ விரலில் சிந்தியது, சுட்டது தெரியவில்லை. "மிக்ஸி இல்ல சார்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"போன்ல ஒரு அக்கா கேட்டாங்க. மிக்ஸின்னு சொன்னேன். அது அப்பாவோட விமானம். தினமும் பறக்கும். எல்லாருமே பறப்பாங்க. நாங்க பொய் சொன்னதாலதான் மாமாவ அனுப்பிட்டாங்க. வெளக்கு இருந்திருந்தா சித்தப்பா இன்னொரு சுத்து சுத்தியிருப்பாரு."

இவ்வளவு நீளமாக நான் பெரியவர்கள் முன்னால் பேசியதே இல்லை. அப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

"எழுதினத அடிச்சிடுங்க சார்," என்றார். "முதல்ல இருந்து சொல்றேன்."

ஜனவரி 8

இரண்டு நாளாக அப்பா என்னோடு பேசவில்லை. இன்று இரவு, தட்டு கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்ளோ நாளா இத வயித்துலயே வச்சிருந்த?"

"மார்ச்ல இருந்து."

கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 15

அப்பாவின் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். எப்போது திரும்பக் கிடைக்கும், கிடைக்குமா, தெரியாது. காப்பீட்டுக்காரர்கள் சித்தப்பாவின் விமானத்துக்கு ஒன்றும் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். விதைக்கடையில் மூட்டை எடை போடும் வேலைக்கு அப்பா போகிறார். என்னால்தானே? சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "ராடார், நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, அடுத்த பனிக்கு உங்கப்பன் செத்துப்போயிருப்பான்," என்றார். அவர் அப்பாவை அப்படிச் சொன்னதே இல்லை.

பல் டாக்டரும் மற்றவர்களும் துறைக்குப் போய் உண்மையான மணிக்கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 14

ரேடியோ அறையைத் திறந்து ஒரு வாரமாகிறது. காலை நேரம் மட்டும். புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார், குரல் கணீரென்று இருக்கிறது.

இன்று ஞாயிறு. அம்மா கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கிளிப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல் டாக்டரின் விமானம் மேலே போனது. அம்மா நிமிரவே இல்லை, போர்வையை உதறி உதறி விரித்தாள். அப்பா மட்டும் தலையைத் தூக்கி, அது மரங்களுக்குப் பின்னால் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "கிளிப்," என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கொடுத்தார்.