தெளிவு என்று எழுதிய நவம்பர்

முத்தியால்பேட்டை,
6-12-2024

அன்புள்ள எமீல்,

நலம். உன் வீட்டில் மர்த்துக்கு முட்டிவலி குறைந்ததா? என் மனைவி மாலா தினமும் கேட்கிறாள்.

புயல் மழையில் எங்கள் ஏரிக்கரையின் மேல் ஒரு குழி விழுந்துவிட்டது. கிணற்று உறை இறங்கும் அகலம். அடிவாரக் கசிவுதான் காரணமா என்று விசாரிக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். அந்த ஏரிக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் நான். குழுவின் செயலாளரும் நானே. கேள்வி கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே நாற்காலியில் இருப்பதால் வீண் அலைச்சல் இல்லை.

பள்ளி முடித்து என்னை விட்டுப் பிரான்சுக்குப் போய், முப்பது வருடம் மண் அணைகளோடு வாழ்ந்தவன் நீ. படங்களைப் பார்த்து ஒரு கருத்து எழுதி அனுப்பு. பிரெஞ்சு முத்திரை உள்ள தாளை இங்கே இன்னமும் எழுந்து நின்றுதான் படிக்கிறார்கள். நண்டு வளையாக இருக்கும் என்பது என் எண்ணம்.

உன்,
ராஜவேல்

கிரெனோபிள்,
15-12-2024

அன்புள்ள ராஜா,

முட்டி அப்படியே இருக்கிறது. குறை சொல்லும் குரல் மட்டும் தேறியிருக்கிறது.

ஒரே கேள்வி. குழி விழும் முன் கசிந்த நீர் தெளிவாக வந்ததா, கலங்கலாகவா? தெளிவென்றால் கரைக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கல் என்றால் உள்ளிருக்கும் மண் கிளம்பிவிட்டது என்று பொருள். யார் பார்த்தது, யார் எழுதியது?

எமீல்

முத்தியால்பேட்டை,
22-12-2024

அன்புள்ள எமீல்,

தெளிவு. கரைக்காவலர் கலியமூர்த்தி காலையில் பார்த்துவிட்டுப் போனில் சொல்வார், நான் பதிவேட்டில் எழுதுவேன். நவம்பர் பக்கத்தின் நகல் இத்துடன். முப்பது நாளும் தெளிவு. இப்போது மதகைத் திறந்து நீரை இறக்கிவிட்டதால் கசிவே இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ராஜவேல்

கிரெனோபிள்,
4-1-2025

அன்புள்ள ராஜா,

கருத்து இணைப்பில். தெளிந்த நீர் என்பதால் கரையை உள்ளிருந்து கரைக்கும் உள்ளரிப்பு இல்லை. நண்டு வளைகள் அடைக்கப்படாததே காரணம் என்று எழுதியிருக்கிறேன். பாவம் நண்டுகள், விளக்கம் கேட்டால் பதில் எழுதத் தெரியாது.

எமீல்

முத்தியால்பேட்டை,
9-2-2025

அன்புள்ள எமீல்,

நண்டுகளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. வளை அடைப்பது காவலர் வேலை என்று கலியமூர்த்தியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிறது. ஆதாரம் உன் தாள்.

சேதராப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். அவர் மனைவி அஞ்சலாட்சி வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"சார், புயலுக்கு முன்ன மூணு நாளு கலங்கலா வருதுன்னு போன்ல சொன்னனே. சரி, பாக்கலாம்னீங்க," என்றார் கலியமூர்த்தி. கோபமாகக் கூட இல்லை. நினைவூட்டுகிறவர் போல.

சொன்னார். நான் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் மேலதிகாரி தணிக்கைக்கு வருகிறார், அதற்குள் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும் என்று நவம்பர் முதல் தேதியே முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்திருந்தேன். முப்பது தெளிவு, ஒரே பேனா. அவர் சொன்ன பிறகு அடித்துத் திருத்தியிருக்கலாம். அடித்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பமும் காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதச் சோம்பி ஒரு கரையை விட்டேன்.

இதைச் செயற்பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சு நிபுணரின் கருத்தை உதவிப் பொறியாளர் சொல்லித் தள்ள முடியாது என்று திருப்பிவிட்டார். நீதான் திரும்பப் பெற வேண்டும். 'தவறான தகவல் கிடைத்ததால்' என்று எழுதினால் போதும். வேறு சொல் வேண்டாம் என்று கேட்கவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, கேட்கிறேன்.

ராஜவேல்

கிரெனோபிள்,
17-2-2025

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்களுக்கு,

4-1-2025 தேதியிட்ட என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். நீர் தெளிவாக இருந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டது பொய். மூன்று நாள் கலங்கல் வந்திருந்தால் அது உள்ளரிப்பு. நண்டுக்கோ காவலருக்கோ அதில் பங்கில்லை. திரு. கலியமூர்த்தி பார்க்க வேண்டியதைப் பார்த்தார், சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். அவரை உடனே பணியில் சேர்க்க வேண்டுகிறேன்.

பதிவேட்டை மூலத்தில் பார்க்காமல் கருத்துச் சொன்னது என் தவறு. எழுதியவரைப் பள்ளி நாளிலிருந்து தெரியும் என்பதை ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். திரு. கலியமூர்த்தியிடம் என் மன்னிப்பைச் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
எமீல்

நகல்: திரு. ராஜவேல், உதவிப் பொறியாளர் – தகவலுக்காக.