உபதேசியார் மகன் தின்ற ரொட்டி

எகிப்து, 1942

ஆத்தாவுக்கு, பட்டாளத்திலிருந்து மகன் எசேக்கியேல் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகமே. உன் மூட்டுவலி குறைந்ததா?

போன ஞாயிறு இந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் கோயிலுக்குப் போனோம். நம் சபை மாதிரி இல்லை, தாளம் தட்டிப் பாடுகிறார்கள். பூசை முடிந்ததும் சாமியார் ரொட்டியைப் பிட்டு, ஆளுக்கு ஆள் பகிர்ந்து தின்னச் சொன்னார். என் பக்கத்தில் நின்றவன் ஞானாபரணம். நீ வாய் வைத்ததற்காக நற்கருணைக் கிண்ணத்தை மண் போட்டுக் கழுவவைத்தாரே, நம் சின்னமனூர் உபதேசியார், அவர் மகன்.

நான் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை நீட்டினேன். தயங்கினான்.

"ஏலே, தின்னு. ஒங்கய்யாவுக்கு நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

எல்லாரும் பார்க்கத் தின்றான்.

கொஞ்சம் சுக்கு அனுப்பு. ஆடு குட்டி போட்டாலும் எழுது, எதுவானாலும் எழுது.

லாரி கிளம்புகிறது. இதையும் உபதேசியார்தான் உனக்கு வாசிப்பார். ரொட்டி தின்ற இடத்தை இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்.

எசேக்கியேல்