காசு கொடுக்காமல் வந்த செய்தி

7 ஜூலை, திங்கள்

காலையிலிருந்தே மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஜாம். இரண்டாவது வேனின் ஏர்கோன் மறுபடியும் போய்விட்டது, வொர்க்‌ஷாப்பில் விட்டாச்சு. வாங்க வேண்டியது: பிரிண்டர் மை, சக்கர நாற்காலிப் பட்டை, பால்.

மத்தியானம் அம்பாங்கில் முதலீட்டாளர் ஒருவரைப் பார்த்தோம், நானும் தினேஷும். தினேஷ் பேங்கில் என்னோடு வேலை பார்த்தவன். நான் கம்பெனி ஆரம்பித்தபோது கூடவே வந்துவிட்டான். செயலி அவன் எழுதியது. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டில் ஏற்றி, மையத்தில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவிடுவது எங்கள் வேன்களின் வேலை. முதலீட்டாளருக்குப் பிடித்திருந்தது. எங்கள் புள்ளிவிவரங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கிளம்பும் நேரத்தில்தான் கேட்டார்: "உங்கள பத்தி பேப்பர்ல, நியூஸ்ல ஏதாச்சும் வந்திருக்கா?"

இல்லை.

அவரே போனில் தேடினார். கம்பெனி பெயர் 'துணை'. வந்ததெல்லாம் கல்யாணத் தகவல் மையங்கள். தினேஷ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் யாராவது எங்களைப் பற்றி எழுதியிருந்தால் தன் பார்ட்னர்களிடம் பேசுவது சுலபம் என்றார். மாத முடிவுக்குள் பதில் சொல்வாராம்.

9 ஜூலை, புதன்

வெயில். தலைவலி.

தினேஷ் ஓர் ஆளைக் கூட்டிவந்தான். பெயர் விக்கி. கம்பெனிகளைப் பற்றிப் பத்திரிகையில் வரவைப்பது அவர் தொழில். வாழையிலைச் சாப்பாடு எங்கள் செலவு. பேச்சு முழுக்க அவருடையது. ஒரு வணிகச் செய்தித் தளத்தில் என் பேட்டி, பெரிய படத்தோடு. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் நாற்பது வயதுக்குள் சாதித்தவர்கள் பட்டியலில் இடம். எனக்கு நாற்பத்து மூன்று என்றேன். அது ஒரு பிரச்சினையே இல்லை என்றார்.

விளம்பரம் என்று அதில் போட்டிருக்குமா?

"அடியில சின்னதா இருக்கும்க்கா. அதுவரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க லா. கேரண்டியா வரும், நீங்க சொல்ற மாதிரியே வரும். நிருபர் யாராச்சும் வருவாங்களான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேணாம்."

தினேஷுக்கு அங்கேயே கையெழுத்துப் போட ஆசை. முதலில் எழுதிக் காட்டட்டும் என்றேன்.

சாயங்காலம் ஒரு போன். கலைவாணி, தமிழ் நாளிதழ் நிருபர். கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் யாரோ எங்களைப் பற்றிச் சொன்னார்களாம். ஒரு நாள் வேனில் கூடவே வரலாமா என்றாள். மத்தியானம் கேட்டதெல்லாம் காதிலேயே இருந்ததோ என்னவோ, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டேன்.

"செய்திக்கு நாங்க காசு வாங்குறது இல்லக்கா."

வெட்கமாகப் போயிற்று. அச்சாகும் முன் எனக்குக் காட்டுவாளா என்று கேட்டேன். அதுவும் இல்லையாம்.

11 ஜூலை, வெள்ளி

வெளிச்சம் வரும் முன்பே கிள்ளான். அங்கிருந்து காப்பார். கலைவாணி நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். கையில் நோட்டு இல்லை. எல்லாரோடும் பேசிக்கொண்டே வந்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனோம்.

காப்பாரில் சாரதா ஆன்டியை ஏற்றினோம். வேன் சேவை எப்படி என்று கலைவாணி கேட்டாள். டிரைவர் நல்ல பையன், கண்ணாடிச் சாமான் மாதிரி ஏற்றி இறக்குவான் என்றார் ஆன்டி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அதே குரலில் தொடர்ந்தார்:

"போன மாசம் ஒரு நாள்தான் வரல. வாசல்லயே உக்காந்திருந்தேன். போன் போட்டா யாரும் எடுக்கல. மறுநாள் மூச்சு முட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க."

எனக்கு இது தெரியாது. கலைவாணி ஆன்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆன்டி என் கையைத் தட்டிக் கொடுத்தார். வண்டி என்றால் கெட்டுப்போகத்தான் செய்யும் என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆபீசுக்கு வந்து தினேஷிடம் கேட்டேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று வேன் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் 'ஏற்றிவிட்டேன்' பொத்தானை அழுத்தாவிட்டால், பயணியே ரத்து செய்ததாகச் செயலி எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் தற்காலிகமாகப் போட்டது, மாற்ற மறந்துவிட்டேன் என்றான். நம்புகிறேன். ஆனால் அம்பாங்கில் காட்டிய புள்ளிவிவரம் அதிலிருந்துதான் வந்தது. வராத வேன் எதுவும் அதில் இல்லை.

இருவரும் மத்தியானம் சாப்பிடவில்லை.

12 ஜூலை, சனி

புழுக்கம்.

விக்கி எழுதியது வந்தது. ஆங்கிலம். நான் சொல்லாததெல்லாம் நான் சொன்னதாக. சிறுவயதில் சிறுநீரக நோய்க்கு அப்பாவைப் பறிகொடுத்தேனாம். அந்த வலியில் பிறந்ததாம் துணை. அப்பா ரவாங்கில் இருக்கிறார். போன் போட்டேன், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

கடைசி வரி: 'இதுவரை ஒரு பயணம்கூடத் தவறியதில்லை.'

அப்பாவை எடுத்துவிடலாம், அந்த வரி இருக்கட்டும் என்றான் தினேஷ். முதலீட்டாளர் பார்க்கப்போவது அதைத்தானாம். நாளிதழ் விஷயத்தையும் விக்கியிடம் சொல்லியிருக்கிறான். இது மாதிரி நாலைந்து கட்டுரைகளைச் சட்டென்று போட்டுவிட்டால், தேடுகிறவர்களுக்கு நாளிதழ் செய்தி கண்ணிலேயே படாது என்றாராம் விக்கி. அதற்கும் தனி பேக்கேஜ் உண்டு.

மத்தியானம் கலைவாணி கூப்பிட்டாள். செய்தி ஞாயிறு இதழில் வருகிறது. சாரதா ஆன்டி சொன்னதற்கு என் பதில் வேண்டும், சாயங்காலத்துக்குள். தினேஷ் பக்கத்தில் நின்றான். போனைக் கையால் மூடிக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"பயணி கேன்சல் பண்ணதா பதிவு இருக்குன்னு சொல்லு. அது பொய் இல்ல."

பொய் இல்லைதான். பதிவு அப்படித்தான் இருக்கிறது. ஒரு கணம் நானும் அதை யோசித்தேன். சாரதா ஆன்டி அதைப் பேப்பரில் படிப்பார் என்று தோன்றியது.

சொன்னேன். வேன் நின்றுவிட்டது, நாங்கள் வேறு வேன் அனுப்பவில்லை, எங்கள் செயலி பழியை ஆன்டி மேல் போட்டுவிட்டது, தப்பு எங்களுடையது, இப்படி இன்னும் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

"கடைசியா சொன்னதையும் போடலாமாக்கா?"

"போடுங்க."

தினேஷ் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினான்.

13 ஜூலை, ஞாயிறு

கடை திறந்ததும் பேப்பர் வாங்கினேன். உள்பக்கம், கீழ்ப்பாதி. தலைப்பு: 'வேன் வந்தால் நிம்மதி, வராத நாளில்?' வாசலில் உட்கார்ந்திருக்கும் சாரதா ஆன்டியின் படம். என் படம் இல்லை. என் பெயர் மாலதி. மாலினி என்று போட்டிருக்கிறார்கள். மற்றபடி தப்பாக ஒன்றும் இல்லை. டிரைவர் கவனமாக ஏற்றி இறக்குவதைப் பற்றி ஒரு பத்தி. நான் சொன்னது, சொன்னபடியே.

அப்பா கூப்பிட்டார். பெயரைத் தப்பாகப் போட்டதில் அவருக்குக் கோபம். பிறகு, அந்த அம்மா இப்போது நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார்.

நாள் முழுக்க போன். ஒருவர்: கிள்ளான் பக்கம் மேருவுக்கு வேன் வருமா, தங்கைக்கு வேண்டும். இன்னொருவர்: அப்பாவுக்கு வேண்டும், சக்கர நாற்காலி ஏறுமா. நடுவில் பழைய வாடிக்கையாளர்கள்: எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஒருவர் திட்டினார். நியாயமான திட்டு.

14 ஜூலை, திங்கள்

தினேஷ் வந்தான். நேரே தன் மேசை. மத்தியானத்துக்குள் செயலியில் அந்த இடத்தை மாற்றிவிட்டான். பழைய ரத்துகளை எல்லாம் எடுத்து, குடும்பம் குடும்பமாக அவனே போன் போட்டான். நான் போடச் சொல்லவில்லை. பக்கத்து அறையிலிருந்து கேட்டது:

"இல்ல ஆன்டி, நீங்க கேன்சல் பண்ணல. நாங்கதான் வரல."

திரும்பத் திரும்ப அதே வாக்கியம். போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

விக்கியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. அந்தப் பேப்பரின் சின்னத்தையாவது வெப்சைட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

முதலீட்டாளருக்குத் திருத்திய புள்ளிவிவரம், கூடவே செய்தியின் படம். அனுப்பும் முன் தினேஷிடம் காட்டினேன். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினான். பிறகு அவனே அனுப்பினான்.

16 ஜூலை, புதன்

அம்பாங்கிலிருந்து பதில் இல்லை.

சாரதா ஆன்டியின் பயணங்கள் எல்லாம் ரத்து. இந்த முறை நிஜமாகவே. மகன் செய்திருக்கிறார். போன் போட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் காப்பாருக்குப் போனேன். ஆன்டி கேட்டைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை.

"எனக்கு ஒண்ணும் கோவமில்லம்மா. மவந்தான் வேணாங்கிறான். நான் வாசல்லயே உக்காந்திருந்தது பேப்பர்ல பாத்துதான் அவனுக்கே தெரியும். வேலைக்குப் போறவன்கிட்ட எதுக்குன்னு ஆஸ்பத்திரிலகூட நான் சொல்லல."

மகன் லீவு போட்டுவிட்டுத் தானே கொண்டுபோய் விடுகிறாராம். ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. எத்தனை நாளைக்கு முடியும் என்று ஆன்டிக்கும் தெரியவில்லை. ஆன்டி இதை மகனிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கலைவாணிக்கும் தோன்றியிருக்காது.

17 ஜூலை, வியாழன்

மழை. பால் தீர்ந்தது.

முதலீட்டாளர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், இந்தச் செய்திக்குக் காசு கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"தெரியும். இத யாரும் காசு குடுத்துப் போட மாட்டாங்க."

பார்ட்னர்களில் ஒருவர் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாராம். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். இந்த மாதம் பதில் கிடையாது. எந்த நாள் என்று சொல்லாமல் ஒரு நாள் வந்து வேனில் ஏறுவாராம். வாருங்கள் என்றேன்.

நல்லதா கெட்டதா என்று தினேஷ் கேட்டான். தெரியவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

துணி துவைத்தேன். இப்போதெல்லாம் வேன் கிளம்பும் முன் எல்லாருக்கும் போன் போடுகிறோம். நாளைக்கான பெயர்களைத் தினேஷ் அனுப்பியிருந்தான்.

மத்தியானம் கம்பெனி போன். சாரதா ஆன்டியின் மகன். முதல் முறையாக அவர் குரலைக் கேட்கிறேன். லீவு முடிந்துவிட்டதாம்.

"நாளைக்கு வேன் வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க."

வரும் என்றேன். வரமுடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உடனே என் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. எடுக்குறீங்களான்னு பாத்தேன்."