ஆவணிக்கு முன் வந்த கார்

5 யூன் 1938, ஞாயிறு. உடுவில்.

தியாகலிங்கம் இன்றைக்குக் காரோடு வந்தார். ஆவணியில் என் தங்கச்சி கமலாவதியைக் கலியாணம் முடிக்கப்போகிற மாப்பிள்ளை என்பதால் அம்மா முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தார். நான் கோப்பியையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எம்.ஜி. கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். நிலத்தோடு பதிவாக, நீண்ட மூக்கோடு, செவ்வரத்தம்பூச் சிவப்பில் எங்கள் வேலியோரம் நின்றது.

கலியாணம் முடித்தபிறகு இரண்டு சீற் கார் சரிவராதாம். என்னுடைய பேபி ஒஸ்ரின் காரைக் கொடுத்து மேலே கொஞ்சம் போட்டால் எனக்கே தந்துவிடுவாராம்.

"ஒரு கிழமை வைச்சு ஓடிப் பாரும், நடராசா. பிடிச்சால் எடும். இனி நாங்கள் ஒரு வீட்டு ஆக்கள்தானே," என்றார். அவர் பிறக்கிராசி, வழக்குப் பேசுகிற தொழில். பிறக்கிராசிமார் கோட்டில் கதைக்கிற மாதிரியே வீட்டிலும் கதைப்பார்கள். மறுத்துச் சொல்ல இடம் இராது.

ஒஸ்ரினில் நாலு பேர் போகலாம். அம்மாவை நல்லூருக்கும், கமலாவை அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் அதில்தான் ஏற்றுகிறேன். யோசித்துச் செய்யவேண்டிய விஷயம். ஆனால் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

7 யூன், செவ்வாய்

பலாலி வீதியில், எங்கள் பக்கத்துத் திருநெல்வேலி தாண்டி, ஒரே ஓட்டம். தொப்பி பறந்துவிட்டது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

9 யூன், வியாழன்

அரசாங்கக் கச்சேரியில் நில அளவைப் படத்தை வரைந்துகொண்டு இருக்கும்போது கோடு காரின் மூக்கு மாதிரி வளைந்துவிட்டது. அழித்துக் கீறினேன்.

அம்மாவிடம் கேட்டேன். "உதிலை என்னை எங்கை வைக்கப்போறாய்? மூக்கிலையோ?" என்றார்.

கமலாவிடம் கேட்டேன். "அண்ணை, நீங்கள் யோசனை கேக்கேல்லை. ஓம் எண்டு சொல்லச் சொல்லிக் கேக்கிறியள்," என்று சிரித்தாள். இந்த மாதம் நல்லாய்ச் சிரிக்கிறாள். தியாகலிங்கம் வந்துபோன அன்று, அவர் கதைக்கிற விதம் பிடித்திருக்கிறது என்று தானாகவே என்னிடம் சொன்னாள். கமலா தானாக ஒன்றைச் சொல்வது அபூர்வம்.

சனிக்கிழமை கீரிமலைக்குப் போய் முழுகிவிட்டு வந்து முடிவு சொல்லலாம் என்று இருக்கிறேன். முடிவு தெரிந்ததுதான்.

11 யூன், சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

கீரிமலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். மாவிட்டபுரம் தாண்டி ஒரு வளைவில் மாட்டுவண்டி குறுக்கே நின்றது. ஹோர்ன் அடித்தேன். அந்தக் காருக்கு இரட்டைக் குரல் — முதலில் கீச்சாக ஒன்று, பிறகு கட்டையாக ஒன்று. வேறு எந்தக் காரிலும் நான் கேட்டதில்லை. வேலியோரம் கம்பூன்றி நின்ற ஒரு பெண் அப்படியே மண்ணில் சரிந்து இருந்துவிட்டாள். மயங்கவில்லை. இருந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

இறங்கி ஓடினேன். கிட்டப் போனபிறகுதான் கண்டேன், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"இந்தச் சத்தந்தான். இதுதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். "நீதானே அடிச்சுப்போட்டு ஓடினது?" அவன் கையை விலக்கப் பார்த்தேன். "விடுங்கோ, நான் முகத்தைப் பாக்கவேணும்," என்று அந்தப் பெண்தான் சொன்னாள். பேர் சிவக்கொழுந்து. அங்கே தோட்டம் செய்கிற குடும்பம். ஒருவர் தூக்கிவிட, கம்பை ஊன்றி வந்து என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"இவர் இல்லை. அவர் கண்ணாடி போட்டவர். நல்ல வெள்ளை."

பிறகு சொன்னாள். "மார்கழியிலை, மைம்மல் நேரம், இருட்டுக் கட்டேக்கை, புல்லுக்கட்டோடை வந்தனான். அடிச்ச உடனை கார் நிண்டது. அவர் இறங்கி வந்தார். லைற் வெளிச்சத்திலை குனிஞ்சு பாத்தார். நான் அவரைப் பாத்துத் தண்ணி கேட்டன். என்ரை சீலை விலகிக் கிடந்தது, அதை இழுத்துச் சரியாக்கி விட்டார். பிறகு போய்க் காரிலை ஏறிட்டார். வழியிலை நிண்ட மாட்டுக்கு இந்த ஹோர்னை அடிச்சுக்கொண்டு போனார்."

"கார் என்ன நிறம்?"

"பச்சை. பொலிசுக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

இது சிவப்பு. வீடு வரும் வரைக்கும் சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் குழம்பிவிட்டாள், ஒரு ஹோர்ன் மாதிரி இன்னொரு ஹோர்ன் இருக்கும்தானே.

வளவுக்குள் நிறுத்திப் பொனெற் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் பச்சை.

12 யூன், ஞாயிறு

சோற்றை அளைந்துவிட்டு எழும்பினேன். காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கார் மார்கழிக்குப் பிறகு கைமாறியிருக்கலாம். தியாகலிங்கம் மாதிரிக் கண்ணாடி போட்ட வெள்ளை மனிசர் எத்தனையோ பேர் இருக்கினம். அப்ப ஏன் எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கிடக்கு?

13 யூன், திங்கள்

வண்ணார்பண்ணைக்கு, தியாகலிங்கம் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். நேர் ரோட்டில் கால் தானாக அழுத்தியது. காற்று முகத்தில் அடித்தது. சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும் — எல்லாம் தெரிந்த பிறகும், அந்தக் கார் எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது.

தியாகலிங்கம் கோட்டால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு காலமாக இந்தக் கார் அவரிடம் என்று கேட்டேன்.

"இரண்டு வருஷம் வரும். ஏன்?"

"முந்திப் பச்சையோ?"

கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் சொன்னது?"

சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். நடுவில் மறித்து ஒன்று கேட்டார்: "அப்ப அவள் சாகேல்லையோ?"

நாற்காலியில் இருந்தார். ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து முழுதாய்க் குடித்தார். இந்த மனிதன் ஆறு மாதமாக ஒருத்தியைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் முட்டைக் கோப்பி குடித்திருக்கிறான். எனக்கு இரக்கம் வரப்பார்த்த நேரம், செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்பிடியெண்டால் பெரிய வழக்கு இல்லை."

பிறகு குரல் வழமைக்குத் திரும்பிவிட்டது. "கமலாவுக்குச் சொல்லுறதாலை ஆருக்கு நன்மை? அந்த மனிசிக்கு நான் ஏதும் செய்வன். நீர் காரை வைச்சிரும். ஒஸ்ரினும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தேன்.

15 யூன், புதன்

சம்பந்தம் பேசி வந்தவர் ஆழ்வாப்பிள்ளைச் சித்தப்பா. அவரிடம் சொன்னேன்.

"கால் போனது போச்சு. நீ கதைச்சால் திரும்ப முளைக்குமோ? பெட்டையின்ரை வாழ்வை யோசி," என்றார். "ஆவணி வரும் மட்டும் வாயை மூடு."

அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வெளியே வரவில்லை.

16 யூன், வியாழன்

கமலாவுக்குச் சொல்லிவிட்டேன். குசினியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"அவர் காராலை இறங்கி வந்தவரோ?"

"ஓம்."

"அவ தண்ணி கேட்டது காதிலை விழுந்திருக்குமோ?"

"விழுந்திருக்கும்."

மிச்சக் கத்தரிக்காயையும் அரிந்து முடித்தாள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

19 யூன், ஞாயிறு

கமலாதான் அவரை வரச் சொன்னாள். அம்மா, சித்தப்பா, நான், எல்லோரும் இருக்க முன்னுக்கு வந்து நின்று கதைத்தாள். எங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

"பொலிசிலை போய் நீங்களே சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாங்கோ. ஆவணி தவறினாலும், எந்த மாசமெண்டாலும், மறியலிலை அடைபட்டு வந்தாலும், நான் நிப்பன்."

நான் திடுக்கிட்டுப் போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"என்ரை தொழில் போயிடும், கமலாவதி."

"ஓம், போகும்."

"அப்ப உமக்கு என்னிலை விருப்பமில்லை."

"விருப்பமில்லாட்டி ஏன் கேக்கிறன்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். பொலிசுக்குப் போவார் என்றுதான், சத்தியமாக, நான் நம்பினேன். "யோசிச்சுச் சொல்லுறன்," என்று சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். அந்த ஹோர்ன் ஒழுங்கை முனையில் ஒருமுறை கேட்டது. கமலா அது கேட்கும் வரைக்கும் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

25 யூன், சனி

அவர் கொழும்புக்குப் போய்விட்டாராம். காரோடு.

27 யூன், திங்கள்

பொலிசில் வாக்குமூலம் கொடுத்தேன். கூட வந்தது அம்மா. நான் கூப்பிடவில்லை. வாசலில் உடுத்து வெளிக்கிட்டு நின்றார்.

9 ஓகஸ்ட், செவ்வாய்

மல்லாகம் கோட்டில் இன்றைக்கு வழக்கு. தான் வழமையாக நிற்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தியாகலிங்கம் நின்றார். மெலிந்திருந்தார். குற்றவாளி இல்லை என்றுதான் முதலில் சொன்னார்.

சிவக்கொழுந்தைச் சாட்சிக் கூட்டில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. அவரைப் பார்த்து, இவர்தான் என்றாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இறங்கப்போனவள் திரும்பி அவரிடமே கேட்டாள்:

"ஏனய்யா இறங்கி வந்தனீங்கள்? நிக்காமல் போயிருந்தால், ஆரோ காணாமல் அடிச்சுப்போட்டுப் போட்டாங்களெண்டு மனதைத் தேற்றியிருப்பன்."

சாட்சி கேள்வி கேட்கக்கூடாது என்று நீதவான் சொன்னார். தியாகலிங்கம் கூட்டின் கம்பியைப் பிடித்தார். தன்னுடைய பிறக்கிராசி கையைக் காட்டி மறிக்க மறிக்க, "குற்றத்தை ஏற்கிறன்," என்றார். சத்தம் அவ்வளவாக வெளியே வரவில்லை. நீதவான் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னார்.

மறியல் தீர்ப்பு. கூட்டிக்கொண்டு போகும்போது ஆட்கள் இருக்கிற கடைசி வாங்கைப் பார்த்தார். கமலா அங்கேதான் இருந்தாள். அவளும் பார்த்தாள். தலை அசைத்தாளா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

4 செப்ரெம்பர், ஞாயிறு

முகூர்த்தம் வைத்திருந்த நாள் போன கிழமை வந்து போய்விட்டது. சிவப்புக் காரைக் கொழும்பில் ஆரோ வாங்கிவிட்டார்களாம்.

ஒஸ்ரினை ஓடப் பழக்கச் சொல்லிக் கமலா கேட்டாள். பெண்பிள்ளை கார் ஓடுவதா என்று சித்தப்பா சொல்லுவார். அம்மா வாசல் படலையை அகலத் திறந்துவிட்டார்.

முதல் கியரிலேயே ஊரைச் சுற்றினோம். பின்னால் வந்த மாட்டுவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு ஒழுங்கையில் கோழி ஒன்று சடாரென்று குறுக்கே பாய்ந்து வேலிக்குள் போய்விட்டது. கார் அதைத் தொடவேயில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன்.

கமலா காரை நிறுத்தினாள். இறங்கி, வேலியை விலக்கிக் குனிந்து பார்த்தாள். கோழி அங்காலே நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து, திரும்பவும் முதல் கியரைப் போட்டாள்.