காய்ச்சல் விட்ட தேதி

தம்பி என்று எழுதவே கை கூசுகிறது.

டெங்கு வந்தவன் கிட்னியே கொடுக்கக் கூடாது என்று உன் அண்ணனிடம் போனில் சொன்னாயாமே! காய்ச்சல் விட்டு ஒரு மாதம் போனதும் மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தானே இருந்தேன்? உன் தலைமாட்டில் உட்கார்ந்து வேளாவேளைக்குக் காய்ச்சல் பார்த்து எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. காய்ச்சல் விட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள்.

என்னுடையது பொருந்தவில்லை, உன்னுடையதுதான் பொருந்தியது. அவரோ டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பாவம், அவனுக்கு முதல்ல உடம்பு தேறட்டும். அவனுக்காக வேண்டிக்கோ" என்கிறார். நான் வேண்டிக்கொள்ளவில்லை. கடவுளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை சோதனைக்கு வா. மனமில்லையென்றால் அதை அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல். கொசுவின் மேல் பழி போடாதே.

அண்ணி