அப்பாவிடம் மிஞ்சிய சொல்

தாராபுரம்
4.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு சரியாக வரவில்லை என்று நம் பட்டறை அருண்குமார் சொல்லித்தான் தெரியும். சிக்கந்தரைக் கட்டிக்கொண்டதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். அப்பா முகத்தைப் பார்த்து ஆறு வருடமாகிறது. ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். அவரையே கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

உங்கள் தங்கை,
மோகனப்பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
12.6.2024

அம்மணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டி, "ஏனுங்கப்பா, பிரியா வரட்டுங்களா?" என்று கேட்டேன். "வேண்டாங்க" என்றார். மூன்று தடவை கேட்டும் அதேதான். அத்தை பக்கத்தில்தான் இருந்தார். இனி என்மேல் பழி போடாதே.

அண்ணன்,
மனோஜ்குமார்

தாராபுரம்
20.6.2024

அண்ணா,

அவர் வாயாலேயே சொன்ன பிறகு வந்து நிற்க எனக்கு வெட்கம் இருக்காதா? வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று மட்டுமாவது எழுதுங்கள். பெற்ற மகளை ஒரு சொல்லில் தள்ளிவிட்டார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
29.7.2024

அம்மணிக்கு,

சாப்பாட்டுக்குக் குறையில்லை. "காபி வேணுங்களா" என்றால் "வேண்டாங்க" என்பார். டம்ளரை வைத்தால் இடது கையால் பிடுங்கிக் குடித்துவிடுவார். ஃபேன் போடுவது, சட்டை மாற்றுவது எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். மூளையில் பேச்சுக்கான இடது பக்கம் அடிபட்டுவிட்டதாம். நாம் சொல்வது ஓரளவு புரியுமாம், மனதில் எது இருந்தாலும் வாயில் அந்த ஒன்றுதான் வருமாம். வாயைப் பார்க்காதீர்கள், கண்ணையும் கையையும் பாருங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா. எங்களுக்குப் பழகிவிட்டது.

மனோஜ்குமார்

தாராபுரம்
3.8.2024

அண்ணா,

நாலு தடவை படித்தேன். காபிக்கு "வேண்டாங்க" என்றால் டம்ளரைக் கொண்டுபோய் வைக்கத் தெரிகிற உங்களுக்கு, நான் என்றதும் அதே சொல் தீர்ப்பாகிவிட்டதா? என் பேரைச் சொன்னபோது அவர் என்ன செய்தார்? மறைக்காமல் எழுதுங்கள். வருகிற பத்தாம் தேதி சனிக்கிழமை நான் வருகிறேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். அதற்குள் ஏதாவது என்றால் ஒரு போன் போடுங்கள், அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன்.

பிரியா

பெரியநாயக்கன்பாளையம்
19.8.2024

அம்மணிக்கு,

பத்தாம் தேதி, எல்லாம் முடிந்த வீட்டின் முன்னால் நீ வந்து நின்றபோது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

உன் பேரைச் சொன்னதும் அப்பா அழுதார். "வேண்டாங்க, வேண்டாங்க" என்றபடியே எழுந்திருக்கப் பார்த்தார். இடது கையால் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினார். உன்னிடம் வரத்தான் கிளம்புகிறார் என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது. உன்னை உள்ளே விட்டால் பங்காளிகள் யாரும் நம் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று பயந்துவிட்டேன். உனக்குச் சொல்லாமல் அப்பாவை எடுத்ததும் அந்தப் பயத்தில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடைசிக் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அப்பா போனது வியாழன் மத்தியானம். அந்த இரண்டு நாளும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மனோஜ்குமார்