நாலு காலேஜும் ஒரு பிறந்த ஊரும்

1961 ஜூன் 5, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். விறகு ஈரம், ஒரே புகை. இட்லி வேக நேரமாகிவிட்டது.

பெரியவள் சரோஜாவின் பி.யூ.சி. மார்க் வந்துவிட்டது. ஃபஸ்ட் கிளாஸ். கெமிஸ்ட்ரியில் அவள் காலேஜிலேயே இரண்டாவது. டாக்டருக்குப் படிக்கப் போகிறாள். முருகனுக்கு நெய் விளக்கு ஏற்றிச் சொன்னேன். அப்புறம்தான் வீட்டுக்காரரிடம். ஃபாக்டரியிலிருந்து வந்து காலணிகூடக் கழற்றவில்லை. "டாக்டரா? அஞ்சாறு வருஷமாச்சே," என்றார்.

கெமிஸ்ட்ரி மிஸ் சரோஜாவிடம் சொன்னாளாம், ஒரே இடத்தை நம்பி உட்காராதே, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கையோடு ஒன்று என்று போடு. உட்கார்ந்து எழுதினோம்.

எட்டாதது: மிஷன் மெடிக்கல். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. பரீட்சை வைத்து எடுப்பார்கள். தேசம் முழுக்க எழுதும்.
எட்டினாலும் எட்டும்: மதராஸ் கவர்மெண்ட்.
நிச்சயம்: நம் மைசூர் ஸ்டேட் கவர்மெண்ட். இந்த மார்க்குக்கு இல்லை என்று சொல்லவே முடியாதாம்.
எதுவுமே இல்லாவிட்டால்: இங்கே பெங்களூரிலேயே லேடீஸ் காலேஜ், பி.எஸ்ஸி.

ஜூன் 6, செவ்வாய்

விரதம். நாத்தனார் பாக்கியம் ஈஜிபுராவிலிருந்து வந்தாள்.

"இன்னா அண்ணி, மாப்பிள்ளை லிஸ்டா?"
"காலேஜ் லிஸ்ட்."
"நாலா! எனக்கு மாப்பிள்ளையே ஒண்ணுதான் பாத்தாங்க. அதுவும் பாக்காமலே முடிச்சிட்டாங்க."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. போகும்போது வாசலில் நின்று, "கடைசியா போட்டிருக்கீங்களே பி.எஸ்ஸி., அதுவே போதும் அண்ணி. பஸ்ல போய்ட்டு வந்துடலாம்," என்றாள். உள்ளே அவர் "ம்" என்றது எனக்குக் கேட்டது. சரோஜாவுக்கும் கேட்டிருக்கும்.

ஜூன் 12, திங்கள்

ஃபாரம் எழுதும் வேலை. பிறந்த இடம் என்று ஒரு கட்டம். குடியாத்தம் என்று சொன்னேன். தலைப்பிரசவம், தாய்வீடு. சரோஜா அழகாக எழுதினாள். ராகுகாலம் கழித்து மிஷனுக்கும் மதராஸுக்கும் தபால். மைசூர் ஸ்டேட் ஃபாரம் நேரில் கொடுக்க வேண்டும். பி.எஸ்ஸி. ஃபாரம் போகிற வழியில் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

முருங்கைக்காய் சாம்பார். உப்பு கொஞ்சம் கூடுதல்.

ஜூன் 19, திங்கள்

என்ன எழுதுவது. கை ஓடவில்லை.

சரோஜாவும் நானும் மைசூர் ஸ்டேட் ஃபாரம் கொடுக்க ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா நல்ல மனிதர்தான். ஃபாரத்தைப் பார்த்தார், மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கன்னடத்தில், "எல்லம்மா ஹுட்டித்து?" எங்கே பிறந்தது என்று. குடியாத்தம் சார் என்றேன். ஃபாரத்தை எடுத்து வேறு ஒரு கட்டோடு சேர்த்தார். வெளி ஸ்டேட் கட்டு. அதற்கு விரல் விட்டு எண்ணுகிற சீட்டுதானாம், இந்த மார்க்குக்குக் கிடைக்காதாம்.

"நாங்க தங்கவயல்காரங்க சார். இவ படிச்சதெல்லாம் தங்கவயல், பெங்களூர்."
"படிச்சது இல்லம்மா, பிறந்தது. பொண்ணு இல்லேன்னா அப்பா. அவர் எங்கே பிறந்தார்?"

வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். அவரும் குடியாத்தம் பக்கம்தான். மாமியாருக்கும் தலைப்பிரசவம், தாய்வீடு. மாமனார் சுரங்கத்தில் இறங்கி எத்தனையோ வருஷம். மாமனாரின் அப்பாவும் அங்கேதான் வேலை. இரும இரும அங்கேயே செத்தார்கள். பிறப்பதற்கு மட்டும் ரயிலேறி அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறோம்! எல்லா வீட்டிலும் அப்படித்தானே. ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே.

இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. தங்கவயல் ஆஸ்பத்திரியிலேயே பார்த்தார்கள். ஆக எங்கள் வீட்டில் சின்னவள் செல்வி ஒருத்திதான் மைசூர்க்காரி. அவள் எட்டாவது ஃபெயில். வந்து சொன்னதும், "அப்ப நான் டாக்டராவட்டுமா?" என்றாள். சரோஜா சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

வீட்டுக் கணக்கு எழுதவில்லை. கல்யாணமான நாளாக இப்படி விட்டதில்லை.

ஜூன் 22, வியாழன்

மதராஸிலிருந்து ஃபாரம் திரும்பி வந்தது. அங்கே சேர அங்கேயே சில வருஷம் படித்திருக்க வேண்டுமாம். அங்கே பிறந்தாள், இங்கே படித்தாள். இரண்டு பேருக்கும் வேண்டாதவள். தபால்காரன் போனபிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பால் பொங்கி வழிந்தது.

ஜூன் 23, வெள்ளி

பாக்கியத்தின் வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். பெண் தங்கவயலில் பிறந்தாள் என்று மாஜிஸ்திரேட் முன்னால் பெற்றவள் சத்தியம் பண்ணினால் போதும். எழுதித் தர ஆள் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் கண்டக்டர் கேட்க மறந்தால் கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிற மனுஷர். "பண்ணிடு," என்றார்.
"சாமி மேலயா?"
"பேப்பர் மேல."

டாக்டர் படிப்பு வேண்டாம் என்றுதான் நினைக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஜூன் 26, திங்கள்

கோர்ட். மழை இல்லை. புழுக்கம். போகும் வழியில் கோயில் பக்கம் திரும்பவில்லை.

மாஜிஸ்திரேட் வயசானவர், தமிழ் பேசினார். குழந்தை எங்கே பிறந்தது?
"கோலார் தங்கவயல்."

சொல்லிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

"ஆஸ்பத்திரியிலா?"
"இல்லீங்க, வீட்ல. விடிகாலை, மக நட்சத்திரம். கொடி சுத்தியிருந்துச்சு. எங்கம்மாதான் பாத்தாங்க."
"அம்மா தங்கவயலுக்கு வந்திருந்தாங்களா?"
"அவங்க எப்படிங்க வருவாங்க? ரெண்டு மாடு, அன்னிக்குப் பாத்து ஒண்ணு கன்னு போட்டிருக்குது..."

அங்கேயே நின்றுவிட்டது நாக்கு. எழுதிக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

மாஜிஸ்திரேட் கோபிக்கவில்லை. பேனாவை மூடினார். "நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்கம்மா."

வெளியே வந்து சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கன்னுக்குட்டியை என்னாத்துக்கும்மா இழுத்தே?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் பஸ் பார்க்க முன்னால் நடந்தார். ஏறும்போது, "பி.எஸ்ஸி. இருக்குது இல்ல. போதும் விடு," என்றார்.

ஜூன் 30, வெள்ளி

மிஷனிலிருந்து பரீட்சைக்கு ஹால் டிக்கெட். கண்டோன்மெண்டில் ஒரு ஸ்கூலில். சரோஜா அடுக்களை மூலையில் உட்கார்ந்து படிக்கிறாள். தாளிக்கிற நெடிக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

ஜூலை 8, சனி

ஸ்கூல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பென்சில். ஒரே கூட்டம். மலையாளம், இங்கிலீஷ், தெலுங்கு. மோட்டாரில் வந்த பெண்கள். மொத்தத்தில் சில பேரைத்தான் எடுப்பார்களாம்.

கேட் வரை போனோம். விபூதி வைத்துவிட்டேன். "பயப்படாதே. எதுவும் இல்லாட்டி பி.எஸ்ஸி. இருக்குது," என்றேன்.

"இல்லம்மா."
"என்னா இல்ல?"
"அந்த ஃபாரம் நான் கொடுக்கல. கொடுத்திருந்தா அப்பா அதுலயே நிறுத்திடுவாரு. அத்தை வந்து பேசின அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். நாள் தாண்டிப் போச்சு."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். மணி அடித்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

எப்படி இந்த மரத்தடிக்கு வந்தேனோ. கந்தர் பேரைச் சொல்லப் பார்க்கிறேன், பாதியில் நின்று போகிறது. வீட்டில் அவரிடம் என்ன சொல்ல.

பக்கத்தில் ஒரு அம்மாள், வைரத்தோடு, ஃப்ளாஸ்க். காபி கொடுத்தாள். மகளுக்கு ஏழு காலேஜுக்குப் போட்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு பேராகச் சொன்னாள்.

"நீங்க எங்கெங்கே போட்டிருக்கீங்க?"

"இது ஒண்ணுதாங்க," என்றேன்.